எல்லாருக்கும் இருநூறு கிராம்: ஓர் அங்கன்வாடி மையத்தின் ஓராண்டு

2024 பிப்ரவரி கடைசியில், மாதாந்திரக் கூட்டத்துக்குக் கொண்டுவந்த பதிவேடுகளில் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பதினேழு குழந்தைகளின் எடை. ஜனவரிக்கும் பிப்ரவரிக்கும் நடுவே பதினேழு பேரும் சரியாக 200 கிராம் கூடியிருந்தார்கள். அதற்கு முந்தைய மாதமும் 200. அம்மை போட்டுப் பத்து நாள் வராமல் இருந்த பையனுக்கும் 200.

குழந்தைகள் அப்படி வளர்வதில்லை. ஒன்று அரைக் கிலோ கூடும், ஒன்று அப்படியே நிற்கும், வயிற்றுப்போக்கு வந்தது கால் கிலோ இறங்கும். இது அந்தப் பதிவேட்டை எழுதியவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பத்தொன்பது வருட சர்வீஸ். என் பொறுப்பில் அப்போது இருந்த இருபத்து மூன்று மையங்களில் புதிதாகச் சேருகிறவர்களை வேலை பழக நான் அனுப்புவதே அவருடைய மையத்துக்குத்தான்.

அன்று இரவே மெமோ எழுதிவிட்டேன். மறுநாள் காலை அதைப் பையில் வைத்துக்கொண்டு நேரில் போனேன்.

ஊர், வட்டாரம், பெயர் எதையும் இங்கே சொல்லப்போவதில்லை. மேற்கு மாவட்டம் ஒன்று, மெயின் ரோட்டை ஒட்டிய மையம், அவ்வளவு போதும். ஊரார் கூப்பிடுவது போல அவரை டீச்சர் என்றே குறிப்பிடுகிறேன். நான் அங்கே மேற்பார்வையாளர். இப்போது அந்தப் பொறுப்பில் இல்லை.

போனதும் குழந்தைகளை நானே எடை போட ஆரம்பித்தேன். ஒன்பதாவதாக நிறுத்தியது மூன்று வயதுப் பெண் குழந்தை. பதிவேட்டில் 11.6 கிலோ. மெஷினில் 10.2. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி அந்த வயதுப் பெண் குழந்தை 10.8 கிலோவுக்குக் கீழே இருந்தால் எடைக்குறைவு. அதாவது ஊட்டச்சத்துத் திட்டம் யாரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று இருக்கிறதோ அந்தக் குழந்தை, தினமும் கண்ணெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, தாளில் மட்டும் நன்றாக வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது.

டீச்சர் மறுக்கவில்லை.

"எடை போடறதுக்கு ஒருத்தர் குழந்தையை நிறுத்தணும், ஒருத்தர் பார்த்து எழுதணும். நான் ஒருத்திதாங்க மேடம். ஒண்ணை மெஷின்ல நிறுத்தினா இன்னொண்ணு ரோட்டுக்கு ஓடுது."

"சரி, அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே டீச்சர்?"

"ஆயா ரிட்டயர் ஆகி பதினாலு மாசம் ஆச்சுங்க. ஒவ்வொரு கூட்டத்துலயும் சொன்னேன். அப்புறம் சொல்றதை விட்டுட்டேன். போன மாசமும் இருநூறு இருநூறுன்னுதான் போட்டிருந்தேன். நீங்களும் கையெழுத்துப் போட்டீங்க."

ஜனவரிப் பக்கத்தில் என் கையெழுத்து இருந்தது. பச்சை மை. மெமோ பைக்குள்ளேயே இருந்துவிட்டது.

ஒரு நாள் முழுக்கக் கூட இருந்தது

மேற்பார்வை என்றால் வழக்கமாக ஒரு மணி நேரம்: இருப்பு, பதிவேடு, கையெழுத்து. அந்த வாரம் ஒரு நாள் காலை முதல் சாயங்காலம் வரை அங்கேயே இருந்தேன். பதினெட்டு வருடத்தில் முதல் முறை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

எட்டேகாலுக்குக் கதவைத் திறந்து பெருக்குகிறார். தண்ணீர் பிடிக்கிறார். அடுப்பைப் பற்றவைத்து அரிசியைக் களைகிறார். எட்டே முக்காலுக்குப் பிள்ளைகள் வர ஆரம்பிக்கிறார்கள். இரண்டு வயதுக்காரர்கள் அழுகையோடுதான் வருவார்கள், ஒருவரையாவது இடுப்பில் வைத்திருக்க வேண்டும். குக்கர் இருக்கும் அறைக்குள் குழந்தையோடு போகக் கூடாது. அதனால் சமையலறை வாசற்படியிலேயே நின்றுகொண்டு, ஒரு கண் அடுப்பிலும் ஒரு கண் வெளிக்கதவிலும் வைத்தபடி பாட்டுச் சொல்லித்தருகிறார். பாட்டு என்றால் முன்பெல்லாம் அந்த மையத்தில் கைகால் ஆட்டம் எல்லாம் இருக்கும். இப்போது குரல் மட்டும் உள்ளிருந்து வந்தது.

சத்துமாவு, பிறகு சாதம், முட்டை நாள் என்றால் முட்டை உரித்துத் தருவது, ஊட்டுவது, கை கழுவிவிடுவது, தட்டு கழுவுவது. பன்னிரண்டரைக்குப் படுக்கவைக்கிறார். பிள்ளைகள் தூங்கும் அந்த ஒன்றரை மணி நேரம்தான் காலம் காலமாக எழுத்து வேலைக்கான நேரம், ஆயா கூடப் படுத்திருப்பார். இப்போது நோட்டைத் திறந்தால் ஒருத்தன் எழுந்து ஒண்ணுக்கு என்கிறான். நடுவில் கர்ப்பிணிப் பெண் ஒருவர் சத்துமாவுப் பாக்கெட்டுக்கு வந்தார், தடுப்பூசி நாளைப் பற்றி நர்ஸம்மா போன் செய்தார். டீச்சர் சாப்பிட்டபோது மணி இரண்டேகால், நின்றுகொண்டே.

மூன்றரைக்குப் பிள்ளைகள் போனதும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள இன்னொரு மையம். அங்கே பணியாளர் ஓய்வு பெற்றுவிட்டார், கூடுதல் பொறுப்பு இவருக்கு. அதாவது இங்கே டீச்சர் உண்டு, ஆயா இல்லை. அங்கே ஆயா உண்டு, டீச்சர் இல்லை. அங்கே கணக்கு பார்த்துவிட்டு, வழியில் இரண்டு வீட்டுச் சந்திப்பு. வீடு சேர ஆறரை. எட்டு மணிக்குப் போனில் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால் அன்றைய கோரிக்கைகள் வரிசையாக நிற்கும்: எத்தனை பேர் வந்தார்கள், போட்டோ எங்கே, அந்தப் பட்டியல் இன்று இரவுக்குள் வேண்டும். வீட்டுக்குள் டவர் கிடைக்காது என்பதால் செயலியில் ஏற்ற வேண்டியதை மொட்டைமாடிக்குப் போய் ஏற்றுவார். அது மக்களவைத் தேர்தலுக்கு முந்தைய காலம். ஏப்ரல் 19 வாக்குப்பதிவு. வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலையும் அவர் தலையில் இருந்தது.

"பிள்ளைங்க கூட இருந்து வர்ற அலுப்பு படுத்தா போயிருதுங்க. அந்தப் போனை எடுத்தா வருது பாருங்க, அது தூங்கினாலும் போறதில்லை."

இந்த ஆய்வில் வேறு எதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இந்த இரண்டு வரியை மட்டும் நான் மறக்கப்போவதில்லை. குழந்தைப் பராமரிப்பில் சோர்வு என்றதும் நாமெல்லாம் அழுகை, சேட்டை, ஈரத் துணி என்று பிள்ளைகளைத்தான் காரணமாக நினைக்கிறோம். அவர் சொன்னது நேர்மாறு. பிள்ளைகள்தான் அவரை வேலையில் பிடித்து வைத்திருந்தார்கள். பிள்ளைகளிடமிருந்து அவரைப் பிடுங்கிய வேலைகள்தான் அவரைத் தின்றன.

களைப்பும் சலிப்பும்

இதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் பர்ன்அவுட் என்ற சொல்லைப் பரவலாக்கியவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். நியூயார்க்கில் இலவச மருத்துவமனை ஒன்றில் வேலை செய்த மனநல நிபுணர், 1974இல் எழுதினார். ஆர்வமாக வந்து சேர்ந்தவர்கள்தான் முதலில் வற்றிப்போகிறார்கள் என்பதை அவர் கவனித்தார். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் இது நோயாக இல்லை, வேலை சார்ந்த நிலையாக இருக்கிறது. மூன்று அடையாளங்கள்: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, தான் செய்வதில் பலனில்லை என்று தோன்றுவது.

எங்கள் பக்கத்துப் பேச்சில் முதலாவது களைப்பு. மற்ற இரண்டையும் சேர்த்துச் சலிச்சுப்போச்சு என்பார்கள். களைப்புக்கு மருந்து ஓய்வு. சலிப்புக்கு ஓய்வு மட்டும் போதாது. எல்லாருக்கும் 200 கிராம் என்று எழுதுகிற கை சலித்துப்போன கை. அதை நான் சோம்பேறிக் கை என்று படித்தேன், மெமோ எழுதினேன்.

இந்தச் சலிப்புக்கு வேர் எங்கே என்று பார்த்தால், திட்டம் பிறந்த நாளுக்கே போக வேண்டியிருக்கிறது. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2இல் 33 வட்டாரங்களில் தொடங்கியது. அங்கன்வாடிப் பெண்கள் அதில் ஊழியர்களாகச் சேரவில்லை, சமூகத்திலிருந்து வரும் கௌரவப் பணியாளர்களாகச் சேர்ந்தார்கள். அதனால்தான் மத்திய அரசு தருவதற்குப் பெயர் இன்றும் மதிப்பூதியம். 2018 அக்டோபரில் உயர்த்திய பிறகு அது பணியாளருக்கு, அதாவது டீச்சருக்கு, மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு, அதாவது ஆயாவுக்கு, 2,250. தமிழ்நாட்டில் சிறப்புக் காலமுறை ஊதியம் உண்டு, பணியாளருக்கு 7,700–24,200, உதவியாளருக்கு 4,100–12,500. பல மாநிலங்களைவிட இது மேல் என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் கௌரவம் என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டு வந்தது இன்னொன்று: மணிக்கணக்கு இல்லாத வேலை. சேவை என்று பெயர் வைத்துவிட்டால் எப்போது முடியும் என்று கேட்க முடியாது. ஆறு வகைச் சேவைக்காக வந்தவர்களிடம் கணக்கெடுப்பு, தேர்தல், பட்டியல் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்ததற்கு இதுதான் வழி விட்டது.

2022 ஏப்ரல் 25இல் உச்ச நீதிமன்றம் குஜராத்தைச் சேர்ந்த மணிபென் வழக்கில் இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தபோது, இந்த வேலையைப் பகுதிநேர வேலை என்று ஏற்க முடியாது என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேசினால் எல்லாரும் பணத்தைத்தான் பேசுவார்கள். எனக்கு அந்த இன்னொரு வரிதான் பெரிதாகப் பட்டது. மொட்டைமாடியில் போனோடு நின்றுகொண்டிருந்த டீச்சரைப் பார்த்து எழுதியது போல இருந்தது.

என்னென்ன செய்து பார்த்தோம்

முதலில் செய்தது தோற்றது. வேறொரு அமைப்பு நடத்திய மன அழுத்த மேலாண்மைப் பயிற்சிக்கு டீச்சரையும் இன்னும் நான்கு பேரையும் அனுப்பினேன். ஒரு நாள் பயிற்சி. மூச்சுப்பயிற்சி, கண்ணை மூடிக் கடற்கரையை நினைப்பது, கடைசியில் ஒரு சான்றிதழ். இரண்டு பஸ் மாறிப் போய், இரண்டு பஸ் மாறி வந்து, அன்றைக்கு விட்டுப்போன வேலையை மறுநாள் சேர்த்துச் செய்தார்கள். "கடற்கரை நல்லா இருந்துச்சுங்க மேடம்" என்றார் டீச்சர். சிரிக்காமல் சொன்னார். மூச்சுப்பயிற்சியைக் குறை சொல்லவில்லை, வேறு இடங்களில் அது பயன்படலாம். ஆள் இல்லாத அடுப்படிக்கு அது பதில் ஆகாது.

அதற்கப்புறம் என் கைக்கு எட்டுகிற விஷயங்கள் எவை என்று ஒரு தாளில் எழுதினேன். காலியிடத்தை நிரப்புவது என் கையில் இல்லை. சம்பளம் இல்லை. தேர்தல் வேலை இல்லை. மிச்சம் இருந்தவை சின்னச் சின்னதாகத்தான் இருந்தன.

கூடுதல் பொறுப்பை ஒருவர் தலையிலேயே வைக்காமல் சுற்றில் விட்டோம். அந்தக் காலி மையத்தைச் சுற்றி நான்கு மையங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருவர். கேட்பதற்கு ஒன்றுமில்லாதது போலத் தெரிகிறது, ஆனால் இதுதான் அதிகம் வேலை செய்தது. பாரம் குறைந்தது ஒரு பக்கம். எப்போது இறக்கி வைக்கலாம் என்று தேதி தெரிந்தது அதைவிடப் பெரிது. ஒரு பணியாளர் மட்டும் முடியாது என்று சண்டை போட்டார். அவருக்கு வீட்டில் படுக்கையில் மாமியார் என்று பின்னால்தான் தெரிந்தது, அவரை விட்டுவிட்டு மூன்று பேராகச் சுற்றினோம்.

அடுத்தது லீவு. தற்செயல் விடுப்பு தாளில் உண்டு. எடுத்தால் மையம் பூட்டிக் கிடக்கும், ஊரில் பேச்சு வரும், அதனால் டீச்சர் அதை எடுப்பதே கிடையாது. பக்கத்துப் பக்கத்து மையங்களை இரண்டிரண்டாக இணைத்து, ஒருவர் லீவில் போனால் மற்றவருடைய ஆயா வந்து நிற்பது என்று ஏற்பாடு செய்தோம். அந்த ஆயாக்களின் முதுகைப் பற்றி நான் யோசிக்கவில்லை. ஒருவர் கேட்டே விட்டார்: "எங்களுக்கு லீவுன்னா யாருங்க வருவா?" டீச்சருக்கு ஓய்வு தருகிறேன் என்று அவரைவிடக் குறைந்த சம்பளக்காரியின் மேல் பாரத்தை நகர்த்தியிருந்தேன். பிறகு முறையை மாற்றினோம்: ஆயா லீவு என்றால் அன்றைக்கு இணை மையத்து ஆயா காலையில் இரண்டு மணி நேரம் வந்து சமையலை முடித்துக் கொடுத்துவிட்டுப் போவார். முழுத் திருப்தி இல்லை, நடந்தது.

தாய்மார்களைக் காய் நறுக்க வரச் சொல்லிப் பார்த்தோம். ஒரு மாதம் மூன்று நான்கு பேர் மாறி மாறி வந்தார்கள். நூறு நாள் வேலை ஆரம்பித்ததும் நின்றுபோனது. அவர்களைக் குறை சொல்ல முடியுமா?

எழுத்து வேலையில் ஒரு குழந்தையின் எடை மூன்று இடத்தில் ஏறிக்கொண்டிருந்தது: வளர்ச்சி அட்டை, பதிவேடு, செயலி. மத்திய அரசின் போஷன் டிராக்கர் 2021 மார்ச்சில் வந்தபோது நோட்டுச் சுமை குறையும் என்றுதான் எல்லாரும் நம்பினோம். செயலி வந்தது, நோட்டு போகவில்லை. எதை விடலாம் என்று மேலே கேட்டேன். ஒரு பதிவேட்டை மட்டும் நிறுத்திக்கொள்ளலாம் என்று வாய்மொழியாகப் பதில் வந்தது. அந்த ஒன்றுக்கே மாதத்தில் ஒரு மதியம் மிச்சமானது.

கடைசியாக, போன். இதை எழுதும்போதுதான் எனக்குக் கூசுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து குழுவில் நான் அந்த மாதம் போட்ட செய்திகளைப் படித்தேன். அவசரம் என்று ஆரம்பிப்பவை ஏராளம். பாதிக்கு மேல் இரவு எட்டுக்கும் பத்துக்கும் நடுவே. அவற்றில் மறுநாள் காலை வரை காத்திருக்க முடியாதது எது என்று தேடினேன். தடுப்பூசி முகாம் நாள் மாறியது ஒன்று. மற்றதெல்லாம் மேலிருந்து எனக்கு வந்ததை நான் அப்படியே கீழே தள்ளியது. என் பயத்தை இருபத்து மூன்று பேருக்குப் பங்கு வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து சாயங்காலம் ஐந்துக்கு மேல் வருவதை நானே வைத்துக்கொண்டு காலை ஒன்பதுக்குப் போட்டேன். இரண்டு முறை எனக்குத் திட்டு விழுந்தது. மூன்றாம் முறை, நேற்றைய கணக்கை வைத்து நானே ஒரு உத்தேச எண்ணை உத்தேசம் என்று குறிப்பிட்டுக் கொடுத்தேன், அதுவே போதும் என்றார்கள்.

அந்தக் குழந்தை

10.2 கிலோ குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினோம். பூச்சி மாத்திரை, பசி எடுக்காததற்குச் சிகிச்சை, வீட்டில் மாலையில் ஒரு வேளை கூடுதல் உணவு. அம்மா மில் வேலைக்குப் போகிறவர், ஷிப்ட் மாறும் வாரங்களில் குழந்தை பாட்டியிடம் டீயும் பன்னும் சாப்பிட்டே இருந்திருக்கிறது. இது டீச்சருக்கு ஒரே வீட்டுச் சந்திப்பில் தெரிந்துவிட்டது. அந்த வீட்டுக்கு அவர் முந்தைய ஐந்து மாதமாகப் போகவில்லை, போனதாக எழுதியிருந்தார். வீட்டுச் சந்திப்புகளைத் தினமும் இரண்டு என்று ஓடாமல் வாரத்தில் இரண்டு மதியமாகச் சேர்த்து, முடிந்த நாட்களில் நர்ஸம்மாவோடு போக ஆரம்பித்த பிறகுதான் சந்திப்பு மறுபடி சந்திப்பாயிற்று.

குழந்தையின் எடைக்குறைவுக்கு டீச்சரின் சலிப்புதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. காரணம் வீட்டில் இருந்தது. ஆனால் அதைக் கவனிக்க அந்த ஊரில் இருந்த ஒரே கண் அவருடையது. பராமரிக்கிறவர் சோர்ந்தால் என்ன நடக்கும் என்று கேட்பவர்கள் அடி, திட்டு, அலட்சியம் என்று பெரிதாக எதையோ எதிர்பார்க்கிறார்கள். பெரும்பாலும் அப்படி எதுவும் நடப்பதில்லை. சாதம் நேரத்துக்கு வரும், பிள்ளைகள் பத்திரமாக வீடு போவார்கள். கவனிப்பு மட்டும் நின்றுபோயிருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

மாறியதும் மாறாததும்

2024 ஜூன் முதல் எடை நாளன்று இணை மையத்து ஆயா வந்து குழந்தைகளை நிறுத்தினார், டீச்சர் எழுதினார். ஒரு மணி நேர வேலை. இரண்டு பேர் இருந்தால் ஒரு மணி நேரம், ஒருவர் என்றால் முடியவே முடியாது, நடுவில் ஒன்றுமில்லை. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்குப் பதினேழு மாதம் ஆகியிருக்கிறது.

செப்டம்பரில் டீச்சர் சேர்ந்தாற்போல மூன்று நாள் லீவு எடுத்தார். மகள் வீட்டுக்குப் போவதாகச் சொன்னவர் போகவே இல்லையாம். தூங்கினேன் என்றார்.

மாதக் கூட்டத்தின் முதல் அரை மணி நேரத்தில் இலக்கு, சதவீதம் எதுவும் பேசுவதில்லை என்று வைத்தோம். முதல் இரண்டு கூட்டம் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவதில் ஒருவர், தானும் எடையைக் கணக்குப் போட்டுத்தான் எழுதுவதாகச் சொன்னார். பிறகு இன்னொருவர். மெமோ வராது என்று டீச்சர் அவர்களிடம் முன்பே சொல்லி வைத்திருக்கிறார் போல.

ஆயா பணியிடம் நான் அங்கிருந்து மாறும் வரை காலியாகவே இருந்தது. 2025இல் மாநிலம் முழுக்க 7,783 இடங்களை நிரப்ப அறிவிப்பு வந்தது, அதில் உதவியாளர் இடங்கள் மட்டும் 3,592. ஒரு ஆயா இல்லாத ஒரு மையத்தில் என்ன நடந்தது என்று பார்த்துவிட்டு அந்த எண்ணைப் படித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டு ஜூலையிலிருந்து, வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துணவுக்கு வாங்குகிறவரின் முகத்தைப் போனில் பதிவு செய்து சரிபார்ப்பது கட்டாயமானது. ஒரு மதியத்தை மிச்சப்படுத்தியதாக மேலே பெருமையாக எழுதியிருக்கிறேன். அது எங்கே போயிருக்கும் என்பது தெரிந்ததுதான்.

2025 மார்ச்சில் கடைசியாக அந்த மையத்துக்குப் போனபோது எடைப் பதிவேட்டைத்தான் முதலில் கேட்டேன். எண்கள் கோணல்மாணலாக இருந்தன. ஒருவனுக்கு 350 கிராம் கூடுதல், இரட்டையரில் ஒருத்திக்கு 100 குறைவு, அதன் எதிரே பேதி என்று சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு. அந்தப் பெண் குழந்தையின் வரிசையில் நவம்பர் 11.4, டிசம்பர் 11.45, ஜனவரி 11.9. பிப்ரவரிக் கட்டம் காலி. பக்கத்தில் டீச்சர் எழுதியிருந்தார்: பாட்டியின் ஊருக்குப் போயிருக்கிறாள், எடை போடவில்லை.

அதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.